செத்தது மவுஸ்தானா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறவர்களுக்கு வருஷத்தில் அதிகம் போன் வருகிற நாள் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: ஆயுத பூஜை, விஜயதசமி விடுமுறை முடிந்து கம்பெனி திறக்கிற காலை. எட்டரை மணிக்கே ஆரம்பித்துவிடும். "சார், அக்கவுன்ட்ஸ் மெஷின்ல மவுஸ் வொர்க் ஆகல." "தம்பி, டிசைன் ரூம்ல மூணு மவுஸும் போச்சு. வரும்போது புதுசா மூணு எடுத்துட்டு வந்துடுங்க."

பூஜைக்கு முதல் நாள் என்ன நடந்திருக்கும் என்று இந்தப் பக்கம் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். லேத், மில்லிங், டிரில்லிங் மெஷின் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து முடித்த கையோடு ஆபீஸ் ரூமுக்குள் நுழைவார்கள். எல்லா வயரையும் பிடுங்கி, கம்ப்ரஸர் காற்றடித்து, ஈரத் துணியால் துடைத்து, கண்ணில் பட்ட துளையில் திரும்பச் செருகிவிடுவார்கள். அப்புறம் சந்தனம், குங்குமம். சி.பி.யு. தலையில் ஒரு பொட்டு, மானிட்டருக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று, மவுஸுக்கும் ஒன்று. சம்பளம் போடுவதும் பில் அடிப்பதும் அதில்தானே, அதுவும் ஆயுதம்தான்.

போய்ப் பார்த்தால் கதை இப்படி இருக்கும். ஒரு மெஷினில் பச்சைத் துளையில் இருக்கவேண்டிய மவுஸ் ஊதாத் துளையில் இருக்கும். கீபோர்டுக்கும் மவுஸுக்கும் ஒரே மாதிரி ஆறு பின், அளவும் ஒன்று, நிறம் மட்டும்தான் வேறு. டிசைன் ரூமில் ஒரே மாடல் வயர்லெஸ் மவுஸ் மூன்று. ரிசீவர்கள் இடம் மாறியதால் ஒருவர் மவுஸை அசைத்தால் பக்கத்து மேஜைத் திரையில் அம்பு ஓடும். இன்னொன்றில் சந்தனம் வீல் இடுக்கில் இறங்கிக் காய்ந்திருக்கும். அடிப்பக்கக் கண்ணில் குங்குமம் அப்பியது ஒன்று இருக்கும். பையில் கொண்டுபோன புது மவுஸ்கள் அப்படியே திரும்பி வரும்.

மவுஸ் செத்துவிட்டது என்று கூப்பிடுகிற இடங்களில் பெரும்பாலும் செத்தது வேறு ஏதோ. ஆனால் அதை யாரும் கேட்கத் தயாராக இல்லை. காரணம் விலை. சாதாரண வயர் மவுஸ் 300 ரூபாய்க்குள் கிடைக்கிறது. நான் வண்டியை எடுத்துக்கொண்டு ஒருமுறை வந்துபோக வாங்கும் பணம் அதைவிட அதிகம். "ரிப்பேர் எதுக்கு சார், தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்கலாம்" என்பது நியாயமான பேச்சாகத்தான் தோன்றும். பழுது மவுஸில் இல்லையென்றால் புதுசும் அதே மாதிரிதான் கிடக்கும் என்பது மூன்றாவது மவுஸ் வாங்கிய பிறகுதான் உறைக்கும்.

நான் இந்த வேலைக்கு வந்தது தொண்ணூறுகளின் கடைசியில். ஹார்டுவேர் கோர்ஸ் முடித்துவிட்டு அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு சின்ன சர்வீஸ் கடையில் சேர்ந்தேன். கிழக்கே பாடி, மேற்கே பட்டாபிராம், தெற்கே பூந்தமல்லி, இதுதான் எங்கள் எல்லை. 1964இல் தொடங்கிய எஸ்டேட்டில் பட்டறை பட்டறையாகக் கம்ப்யூட்டர் வந்துகொண்டிருந்த காலம். ஆவடிப் பக்கம் டாங்க் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் வீடுகளில் பிள்ளைகளுக்காக வாங்கி வைத்தார்கள். பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் டி.டி.பி. சென்டரும் பிரவுசிங் சென்டரும் முளைத்தன. ஒரே மவுஸ்தான், ஆனால் இடத்துக்கு இடம் அது நிற்கிற காரணம் வேறு. எஸ்டேட்டில் எண்ணெய், குவார்ட்டர்ஸில் பிள்ளைகள், டி.டி.பி. சென்டரில் ஓயாத உழைப்பு.

அன்றைக்கு இருந்ததெல்லாம் உருண்டை வைத்த மவுஸ். அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பார்ட்டும் பில் இங்கிலிஷும் 1964இல் செய்த முதல் மவுஸ் ஒரு மரக்கட்டை. அடியில் செங்குத்தாக இரண்டு சக்கரம், அவ்வளவுதான். உருண்டை பிறகு வந்தது. ரப்பர் பூசிய இரும்பு உருண்டை உள்ளே இரண்டு உருளைகளை உரசிச் சுற்றும். ஒன்று இடவலம், இன்னொன்று மேல்கீழ். மூன்றாவதாக ஸ்பிரிங் வைத்த ஒரு உருளை உருண்டையை அவற்றோடு அழுத்திப் பிடித்திருக்கும். ஒவ்வொரு உருளையின் நுனியிலும் பல்வெட்டிய சின்னச் சக்கரம். அதன் ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கு, மறுபக்கம் அந்த வெளிச்சத்தை உணரும் சில்லு. பல் மறைக்க மறைக்க வெளிச்சம் விட்டுவிட்டு வரும், அந்த எண்ணிக்கைதான் திரையில் அம்பின் நகர்வு.

இதைத் தெரிந்துகொண்டால் பழுதைக் கேட்டே கண்டுபிடிக்கலாம். "அம்பு மேலே கீழே போகுது, பக்கவாட்டுல போகல" என்றால் ஒரு உருளையில் மட்டும் அழுக்கு. எஸ்டேட் மவுஸில் அந்த அழுக்கு ஒரு தனி ரகம். கட்டிங் ஆயில் பட்ட கை, மேஜையில் படிந்த இரும்புத் தூள், ஏ4 பேப்பர் பஞ்சு எல்லாம் சேர்ந்து உருளையின் நடுவில் கறுப்பு வளையமாகக் கெட்டிப்பட்டிருக்கும். அதை ஸ்பிரிட்டில் ஊறவைத்தால் கரையாது, பரவும். அடியில் இருக்கும் வட்ட மூடியைத் திருகி எடுத்து, உருண்டையை வெளியே தட்டி, விரலால் உருளையை மெதுவாகச் சுற்றிக்கொண்டே நகத்தால் அந்த வளையத்தின் ஓரத்தை நெம்பினால் நீளமாக உரிந்து வரும். பிளேடு போட்டவர்கள் உருளையில் கீறல் விழுத்தி, அடுத்த அழுக்குக்கு இடம் செய்து கொடுப்பார்கள். உருண்டையைச் சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்திப் போட்டால் வேலை முடிந்தது.

ஆனால் உருண்டையும் உருளையும் பளிச்சென்று இருக்க, மவுஸ் நின்ற சம்பவமும் உண்டு. டிரங்க் ரோட்டில் மாடியில் இருந்த ஒரு டி.டி.பி. சென்டர். கல்யாணப் பத்திரிகை சீசன். "தினமும் நாலு மணிக்கு மேல மவுஸ் நின்னுடுதுப்பா. ராகு காலம் பார்க்குது போல" என்றார் முதலாளி. ராகு காலமாவது கிழமைக்குக் கிழமை மாறும். இது தினம் ஒரே நேரம் என்றார் பாருங்கள், அதுதான் துப்பு. அந்த நேரத்துக்கே போய் உட்கார்ந்தேன். மேற்குப் பார்த்த ஜன்னல். நாலு மணிக்கு மேல் வெயில் சாய்ந்து நேராக மவுஸ் மேல் விழுந்தது. மெல்லிய வெள்ளை பிளாஸ்டிக் உடம்பு. சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு இருக்கிறது, அது பிளாஸ்டிக்கை ஊடுருவி உள்ளே போய்ச் சில்லின் கண்ணைக் கூசவைத்துவிட்டது. பல் மறைத்தாலும் மறைக்காவிட்டாலும் வெளிச்சம்தான், எண்ண ஒன்றும் இல்லை. மவுஸ் மேல் என் கையை நிழலாகப் பிடித்தேன். அம்பு நகர்ந்தது. ஒரு ஸ்கிரீன் துணியோடு அந்தக் கேஸ் முடிந்தது. அதற்குள் அவர் இரண்டு மவுஸ் மாற்றியிருந்தார்.

அந்தக் காலத்து இன்னொரு பெரிய செலவு பி.எஸ்.2 துளை. ஐ.பி.எம். 1987இல் கொண்டுவந்த அந்த வட்டச் செருகி, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்கிச் செருகுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஆன் செய்யும்போது மவுஸ் இருக்கிறதா என்று மெஷின் பார்த்துக்கொள்ளும். பிறகு செருகினால் பல மெஷின்கள் திரும்பிக்கூடப் பார்க்காது. ரீஸ்டார்ட் பண்ணினால் சரியாகிவிடும். ஆனால் ஓடும்போது சாய்வாகச் செருகி, பின் தப்பான இடத்தில் உரசிவிட்டால், மதர்போர்டில் அந்தத் துளைக்குப் பக்கத்தில் அரிசியைவிடச் சின்னதாக இருக்கும் ஃப்யூஸ் போய்விடும். அதோடு அந்தத் துளைக்கு 5 வோல்ட் வராது. பல போர்டுகளில் கீபோர்டுக்கும் அதே ஃப்யூஸ்தான். மவுஸும் கீபோர்டும் ஒரே நாளில் சேர்ந்து செத்தால் இரண்டும் சாகவில்லை என்று அர்த்தம். மீட்டரை வைத்து ஃப்யூஸின் இரு முனையையும் தொட்டால் 'பீப்' சத்தம் வராது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் அந்த ஃப்யூஸ் சில ரூபாய்க்குக் கிடைத்தது. போர்டையே மாற்றச் சொல்லியிருந்த மெஷின்கள் அந்தச் சில ரூபாயில் எழுந்து உட்கார்ந்திருக்கின்றன.

1999இல் மைக்ரோசாஃப்ட்டின் ஆப்டிகல் மவுஸ் வந்தது. எங்கள் பக்கம் விலை இறங்கிப் பரவ இன்னும் சில வருஷம் பிடித்தது. உருண்டை போய், அடியில் சிவப்பு வெளிச்சம் வந்தது. உள்ளே இருப்பது ஒரு குட்டி கேமரா. மேஜைப் பரப்பை நொடிக்கு ஆயிரக்கணக்கான படமாக எடுத்து, முந்தைய படத்துக்கும் இதற்கும் புள்ளிகள் எந்தப் பக்கம் நகர்ந்தன என்று ஒப்பிட்டுப் பார்க்கிறது. அதற்குத் தேவை சொரசொரப்பு. மளிகைக் கடை கல்லாவின் கண்ணாடி மேஜை, ஒர்க்ஷாப்பின் பளபள ஸ்டீல் மேஜை, மினுமினுக்கும் ஃப்ளெக்ஸ் துண்டு, இவற்றில் கேமராவுக்குப் பார்க்க ஒன்றும் கிடைக்காது. அம்பு துள்ளும், இல்லையென்றால் நிற்கும். மவுஸ் பேட் வாங்கச் சொன்னால் சிரிப்பார்கள். போன வருஷத்துத் தினக்காலண்டர் அட்டையைத் திருப்பிப் போட்டால் போதும். இந்தப் பக்கம் பாதிக் கடைகளில் மவுஸ் ஓடுவது அந்த அட்டை மேல்தான்.

மேஜை சரியாக இருந்தும் அம்பு தானாக நகர்ந்தால் மவுஸைக் கவிழ்த்து அந்தக் கண் துளையைப் பார்க்கவேண்டும். ஒரே ஒரு தலைமுடி போதும். முடியின் ஒரு முனை லென்ஸ் ஓரத்தில் சிக்கி மறுமுனை காற்றில் ஆடும், கேமரா அதை மேஜையின் நகர்வாக எடுத்துக்கொள்ளும். வாயால் ஊதக்கூடாது, எச்சில் தெறித்துக் கண்ணாடியில் படியும். காது குடையும் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் தொட்டு ஒரு சுற்று.

அடியில் சிவப்பு எரிவதை வைத்து நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். "லைட் எரியுது சார், அப்போ மவுஸ் நல்லாத்தானே இருக்கு?" யு.எஸ்.பி. வயருக்குள் நாலு கம்பி. சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், வெள்ளையும் பச்சையும் தகவல். விளக்கு எரிந்தால் முதல் இரண்டும் உயிரோடு இருக்கின்றன, அவ்வளவுதான் அதன் சாட்சி. வெள்ளையோ பச்சையோ அறுந்திருந்தாலும் விளக்கு எரியலாம், கம்ப்யூட்டருக்கு மட்டும் மவுஸ் வந்ததே தெரியாது. விளக்கு எரியாவிட்டாலும் செத்தது என்று எழுதிவிட முடியாது. இப்போதைய வயர்லெஸ் மவுஸ்களில் பல கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தைப் பயன்படுத்துகின்றன. போனின் செல்ஃபி கேமராவைத் திறந்து மவுஸின் அடியைக் காட்டினால் பல போன்களில் அந்த வெளிச்சம் வெளிறிய ஊதாவாகத் தெரியும்.

வயர் அறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில், மவுஸின் மூக்கில், வயர் உடம்பைவிட்டு வெளியே வரும் முதல் இரண்டு அங்குலத்தில். மேல் உறை முழுசாக இருக்கும், உள்ளே கம்பி நூலாகிப் போயிருக்கும். வயரை விரலால் மடக்கி மடக்கிப் பார்த்தால் ஸ்பீக்கரில் 'டுடுங்' என்று செருகும் சத்தமும் பிடுங்கும் சத்தமும் மாறிமாறி வரும். அது கேட்டுவிட்டால் மீட்டரே வேண்டாம். ஸ்க்ரூவைத் தேடித்தான் புதுப் பையன்கள் தடுமாறுவார்கள். அது ஸ்டிக்கருக்கு அடியில் இருக்கும், இல்லையென்றால் வழுக்குக் காலுக்கு அடியில். திறந்து, கெட்ட இரண்டு அங்குலத்தை வெட்டி எறிந்து, நாலு கம்பியையும் அதே வரிசையில் திரும்பப் பற்றவைத்தால் வயர் கொஞ்சம் குட்டையாகும், மவுஸ் ஓடும். நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. மலிவு மவுஸ்களில் நிற வரிசை மாறி வரும். வெட்டும் முன் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

மவுஸ் உண்மையிலேயே சாகும் இடம் எது என்றால் இடது பொத்தான். அதுவும் டேலியில் என்ட்ரி போடும் பெண்கள், பில்லிங் கவுன்ட்டர் பையன்கள் கையில். முதலில் வரும் புகார் ஒருபோதும் 'கிளிக் ஆகல' என்று இருக்காது. "ஒரு தடவை தட்டினா ரெண்டு தடவை தட்டின மாதிரி எடுத்துக்குது அண்ணா", "ஃபைலை இழுத்துட்டுப் போறப்ப பாதி வழியில விட்டுடுது", இப்படித்தான் வரும். விண்டோஸில் வைரஸ் என்று நினைத்து ஃபார்மட் பண்ணி வைத்தவர்களும் உண்டு.

பொத்தானுக்கு அடியில் இருப்பது மைக்ரோ ஸ்விட்ச். சுண்டுவிரல் நகத்தளவு கறுப்புப் பெட்டி, மேலே ஒரு சின்னக் கட்டை. பிளேடால் இரண்டு பக்கமும் மெல்ல நெம்பினால் மூடி கழன்று வரும். அந்தக் கட்டை துள்ளித் தரையில் விழுந்தால் தேடுவதற்கே அரை மணி போகும், அதனால் வெள்ளைத் துணி விரித்துக்கொண்டுதான் திறக்கவேண்டும். உள்ளே வளைந்த ஒரு செம்புத் தகடு. அழுத்தினால் அது சட்டென்று கீழே துள்ளித் தொடுபுள்ளியைத் தொடும், விட்டால் மேலே துள்ளும். நாம் கேட்கும் 'டக்' அதுதான். உலோகம் உலோகத்தைத் தொடும்போது ஒரேயடியாக ஒட்டாது, சில மில்லி நொடி அதிரும். அந்த அதிர்வை உள்ளிருக்கும் சில்லு கண்டுகொள்ளாமல் விடும்படி செய்திருக்கிறார்கள். தகடு தளர்ந்து, தொடுபுள்ளி மங்கிப்போனால் அதிர்வு நீளும். சில்லு பொறுக்கும் நேரத்தைத் தாண்டியதும் அதை இரண்டாவது கிளிக் என்று எண்ணிவிடும். ஓம்ரான் போன்றவர்கள் இந்த ஸ்விட்சுகளை வகைக்கேற்ப 1 கோடி, 2 கோடி, 5 கோடி அழுத்தலுக்கு என்று குறித்து விற்கிறார்கள். நம் ஊர் ஈரக்காற்றும் தூசியும் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

தகட்டை எடுத்து லேசாக வளைத்துத் திரும்ப மாட்டினால் கொஞ்ச காலம் ஓடும். எங்கள் பக்கத்து வழி வேறு. வலது பொத்தானின் ஸ்விட்சும் அதே ரகம்தான், ஆனால் அதைத் தட்டுகிறவர் குறைவு. இரண்டையும் கழற்றி இடம் மாற்றிப் பற்றவைத்துவிட்டால், தேயாத ஸ்விட்ச் இடப்பக்கம் வந்துவிடும். செலவு கொஞ்சம் ஈயம். ரூ.300 மவுஸுக்கு இது கட்டுப்படியாகாது என்பது உண்மைதான். ஆனால் ஆட்டோகேட் வரைகிறவர்கள் ரூ.3,000 கொடுத்து வாங்கிய, கைக்குப் பழகிய மவுஸைப் பிரிய மாட்டார்கள். அவர்களுக்காக இந்த வேலை இன்னும் இருக்கிறது.

எஸ்டேட்டுக்கே உரிய பழுது ஒன்று உண்டு, அதை எந்த கோர்ஸிலும் சொல்லித்தரவில்லை. ஒரு பட்டறையில் சி.என்.சி. மெஷினுக்குப் பக்கத்தில் புரோகிராம் போடும் கம்ப்யூட்டர். மவுஸ் அடிக்கடி உறைந்துவிடும். பிடுங்கிச் செருகினால் சரியாகும். மவுஸை மாற்றினார்கள், விண்டோஸை மாற்றினார்கள், கடைசியில் கம்ப்யூட்டரையே மாற்றினார்கள். நான் போய் ஆபரேட்டரிடம் கேட்டது ஒன்றுதான்: "எப்போ நிக்குது?" "ஜாப் ஓட்டுறப்பதான் சார். சும்மா இருக்கிறப்ப நிக்காது." சி.பி.யு.வை எண்ணெய் தெறிக்காத மூலையில் வைத்துவிட்டு, மலிவு எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு மவுஸைக் கொண்டுவந்திருந்தார்கள். அந்த வயரை ஸ்பின்டில் மோட்டாரின் பவர் கேபிளோடு சேர்த்து டேக் போட்டு அழகாகக் கட்டியிருந்தார்கள். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுக்கும். அதிலிருந்து கிளம்பும் இரைச்சல் பக்கத்து வயரில் ஏறும். மவுஸ் மாதிரி மெதுவேக யு.எஸ்.பி. கருவிக்கு வயர் 3 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. அங்கே அதையும் தாண்டியிருந்தது. கட்டை அவிழ்த்து, வயரைச் சுவரோரமாகத் தனியே விட்டு, ஷீல்டு உள்ள குட்டை வயராக மாற்றி, கம்ப்யூட்டருக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்தோம். அத்தோடு நின்றது.

மென்பொருள் செய்த கோலமும் உண்டு. 2015க்குப் பிறகு வந்த இன்டெல் போர்டுகளில் பழைய யு.எஸ்.பி. 2.0 கன்ட்ரோலரை எடுத்துவிட்டார்கள். மெஷினோடு வந்த சாஃப்ட்வேர் விண்டோஸ் 7இல்தான் ஓடும் என்று பிடிவாதமாக அதையே போடச் சொல்வார்கள் பட்டறைக்காரர்கள். 2009இல் வந்த விண்டோஸ் 7க்கு யு.எஸ்.பி. 3.0 என்றால் என்னவென்றே தெரியாது. இன்ஸ்டால் திரை வரும்வரை ஓடிய மவுஸும் கீபோர்டும் அந்தத் திரை வந்ததும் செத்துக் கிடக்கும். 'நெக்ஸ்ட்' அழுத்தக்கூட வழியில்லை. டிரைவரைச் சேர்த்துப் புது பென்டிரைவ் தயாரிக்கும் வரை கைகொடுத்தது, பல போர்டுகளில் மிச்சமிருந்த ஒற்றை பி.எஸ்.2 துளையும் என் பையில் கிடந்த பழைய மவுஸும்தான். 2025 அக்டோபர் 14ஆம் தேதி வந்த விண்டோஸ் 11 அப்டேட்டுக்குப் பிறகும் இதே கூத்து. ரெக்கவரி திரையில் மட்டும் யு.எஸ்.பி. மவுஸ், கீபோர்டு இயங்கவில்லை. அதே மாதம் 20ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் தனியாக இன்னொரு அப்டேட் விட்டுச் சரிசெய்தது. இடைப்பட்ட நாட்களில் புது மவுஸ் வாங்கியவர்கள் எத்தனை பேரோ.

2011 செப்டம்பரில் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அதற்குப் பிறகு பிளஸ் டூ பிள்ளைகள் கடைக்கு வரத் தொடங்கினார்கள். "அண்ணா, டச்பேட் போச்சு, மவுஸ் ஒண்ணு குடுங்க." எஃப்என் பொத்தானோடு மேல் வரிசையில் எதையோ அழுத்தி டச்பேடைத் தாங்களே அணைத்திருப்பார்கள். திரும்ப அழுத்திக் காட்டினால் முகத்தில் ஒரு சந்தோஷமும், மவுஸ் வாங்கமுடியாத ஏமாற்றமும் சேர்ந்து தெரியும்.

வயர்லெஸ் மவுஸில் கேட்கவேண்டியது முதலில் பேட்டரி, அடுத்து ரிசீவர் இருக்கும் இடம். இரும்பு மேஜைக்குக் கீழே, சி.பி.யு.வின் பின்பக்கத்தில், ஹார்டு டிஸ்க் ஓடும் நீல நிற யு.எஸ்.பி. 3.0 துளைக்கு ஒட்டினாற்போல் ரிசீவரைச் செருகியிருப்பார்கள். யு.எஸ்.பி. 3.0 ஓடும்போது 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழும் என்று இன்டெல்லே 2012இல் அறிக்கை கொடுத்திருக்கிறது. மவுஸ் பேசுவதும் அதே அலைவரிசையில். ஃபைல் காப்பி ஆகும்போது மட்டும் மவுஸ் இழுத்து இழுத்து நகர்கிறதென்றால் காரணம் இதுதான். ரிசீவரை முன்பக்கத் துளைக்கு மாற்றினால் தீர்ந்தது.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எஸ்டேட், கொரட்டூர், பட்டரவாக்கம் பக்கம் தண்ணீர் ஏறியது. வடிந்ததும் எல்லோரும் செய்தது, நனைந்த மவுஸை வெயிலில் காயவைத்து நல்ல மெஷினில் செருகிப் பார்த்தது. உள்ளே சேறும் ஈரமும் இருந்தால் 5 வோல்ட் குறுக்கே பாயும், நல்ல மெஷினின் துளையும் சேர்ந்து போகும். நனைந்ததைப் பரிசோதிக்காமல் தூக்கிப் போடுங்கள் என்று நான் சொல்லும் ஒரே சந்தர்ப்பம் இது.

மற்றபடி, போனிலேயே கேட்கும் கேள்விகள் என்னிடம் உண்டு. முதலில், கீபோர்டில் கேப்ஸ்லாக் அழுத்துங்கள், விளக்கு மாறுகிறதா? மாறவில்லையென்றால் மெஷினே உறைந்திருக்கிறது, மவுஸ் மேல் பழி போடாதீர்கள். மாறினால், மவுஸைப் பிடுங்கி, ஹப்பும் எக்ஸ்டென்ஷனும் இல்லாமல் சி.பி.யு.வின் பின்பக்கம் வேறு துளையில் நேராகச் செருகுங்கள். அதிலும் இல்லையென்றால் மெஷினை ஷட்டவுன் செய்து, பவர் வயரைக் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்துவிட்டு ஆன் செய்யுங்கள். போர்டில் தேங்கிய மின்சாரம் இறங்கினால் துளை சில நேரம் உயிர் பெறும். அப்புறம் இரண்டு மாற்றுச் சோதனை. இந்த மவுஸ் வேறு மெஷினில் ஓடுகிறதா, வேறு மவுஸ் இந்த மெஷினில் ஓடுகிறதா? முதலாவது இல்லை, இரண்டாவது ஆமாம் என்றால் மவுஸ் செத்தது, புதுசு வாங்குங்கள். முதலாவது ஆமாம், இரண்டாவது இல்லை என்றால் பழுது மெஷினில், கூப்பிடுங்கள். இரண்டும் ஆமாம் என்றால் துளை லூஸ், இல்லையென்றால் மேஜையோ வெயிலோ பக்கத்து வயரோ. அதற்குள் அவசரமாக ஃபைலை சேவ் செய்யவேண்டுமா? இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம்லாக் மூன்றையும் சேர்த்து அழுத்தி, கேட்கும் கேள்விக்கு என்டர் தட்டினால் எண் பொத்தான்களாலேயே அம்பை நகர்த்தலாம்.

இதையெல்லாம் போனில் இலவசமாகச் சொல்கிறாயே, தொழில் எப்படி நடக்கும் என்று கூட்டாளிகள் கேட்பார்கள். வாடிக்கையாளர் கேட்பது நேர் எதிர்: "300 ரூபா மவுஸுக்கு 400 ரூபா விசிட்டிங் சார்ஜா சார்?" அவரிடம் நான் சொல்வது, அந்த 400 மவுஸுக்கு இல்லை, செத்தது மவுஸ் இல்லை என்று சொல்வதற்கு என்று. முதலில் முறைப்பார். சி.என்.சி. பட்டறைக்காரர் மாற்றிய கம்ப்யூட்டரின் விலையைச் சொன்னால் யோசிப்பார். எத்தனை மவுஸ் விற்றேன் என்பது கடையின் பில் புத்தகத்தில் இருக்கிறது. விற்காமல் விட்ட மவுஸ்களுக்குப் பில் கிடையாது. ஆனால் ஏப்ரலில் ஏ.எம்.சி. என்கிற வருஷப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது முதலாளிகள் ஞாபகம் வைத்துக் கையெழுத்துப் போடுவது அந்தக் கணக்கைப் பார்த்துத்தான்.